தூங்குகிற புளியங்கொட்டை

என் மகள் கையைத் தூக்கினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இடம், சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் என் மனைவி அம்சா வேலை செய்கிற கம்பெனி. கார்களுக்குள் ஓடும் வயர்களை வரிசையாகச் சேர்த்து, டேப் சுற்றி, கட்டுக் கட்டாக அனுப்புகிற கம்பெனி அது. வருஷத்துக்கு ஒருமுறை, வேலை செய்பவர்களின் குடும்பத்தைக் கூப்பிட்டு உள்ளே சுற்றிக் காட்டுவார்கள். பேமிலி டே என்று அதற்குப் பேர்.

நம் மேலே ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்றை மாட்டிவிடுவார்கள். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு பக்கம் புது வயரின் வாசனை. இன்னொரு பக்கம் கேன்டீனிலிருந்து கேசரி வாசனை. பிள்ளைகள் எல்லாரும் கேசரிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நானும்தான்.

எங்கள் கூட்டத்துக்கு வேலை செய்து காட்ட அம்சாவை நிறுத்தியிருந்தார்கள். வரிசையாக வேலை செய்கிற அந்த லைனிலேயே அவள் கைதான் வேகம். பச்சை, நீலம், வெள்ளையில் சிவப்புக் கோடு என்று எந்த வயரையும் பார்க்காமலே எடுத்துப் பலகையில் சரியான இடத்தில் மாட்டினாள். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை.

பிளான்ட் மேனேஜர் நல்ல மனுஷர். எங்கள் மகள் தர்ஷினியின் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

"பாத்தியா பாப்பா, ஒங்கம்மா கையை? ஒரு வயர் மாறாது. நீயும் பிளஸ் டூ முடிச்சிட்டு நேரா இங்க வந்துடு. அம்மா பக்கத்துலயே எடம் போட்டுடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்பாகச் சொன்னதுதான், குத்திச் சொன்னது இல்லை. ஆனால் அம்சா சிரிக்கவில்லை. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"சரி பசங்களா, எதுனா கேக்கணுமா?" என்றார் மேனேஜர்.

இந்த மாதிரி இடத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 'ஒண்ணும் இல்ல சார்' என்று சொல்லிவிட்டுக் கேசரிக்கு நகர்வதுதான் வழக்கம். அப்போதுதான் தர்ஷினியின் கை மேலே போனது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

அம்சா என்னைப் பார்த்தாள். கையை இறக்கச் சொல்லுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. அவளுக்குக் காண்ட்ராக்ட் வேலை. ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்தால்தான் உண்டு. மகள் வாயில் என்ன வரப்போகிறதோ, நாளைக்கு யார் கூப்பிட்டு என்ன சொல்வார்களோ! நான் "தர்ஷு" என்று கூப்பிடப் பார்த்தேன். அதற்குள் மேனேஜர் அவளைப் பார்த்துவிட்டார்.

அவள் என்ன கேட்டாள் என்று சொல்வதற்கு முன்னால், பிள்ளைகளே, உங்களை ஒரு பால்வாடிக்குள் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பாதிக் கதைதான் விளங்கும்.

கையை மட்டும் கேட்டார்கள்

நான் பரமக்குடிப் பக்கம் என்பது இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடி இந்தப் பக்கம் வந்தவன். தண்டலத்தில் ஒரே ரூமில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் இருந்தோம். ஒருவன் ஷிப்டுக்குக் கிளம்பினால் இன்னொருவன் வந்து அதே பாயில் படுப்பான். பாயில் சூடு ஆறவே ஆறாது.

அம்சா மண்ணூர்ப் பக்கத்துக்காரி. அவர்கள் வீட்டில் நெல்லும் கடலையும் போட்டவர்கள். நிலத்துக்குப் பக்கத்தில் கம்பெனிகள் வந்தன. பிறகு அந்த நிலமும் போயிற்று. அம்சா பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறினாள். கல்யாணமானதும் நானும் அவள் ஊரிலேயே தங்கிவிட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். மகள் லைனுக்குப் போகக் கூடாது.

"லைன் வேலைன்னா கேவலமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கேவலம்னு நான் சொன்னேனா?" என்றாள். "எத்தினி வருசமா அங்க கீறேன். என்னாண்ட யாரும் எதுவும் கேட்டதே இல்ல. என் கைய மட்டுந்தான் கேட்டாங்க. அவளுக்கும் அப்டியே ஆகணுமா?"



சிவப்புக் கிண்ணம்

லைனில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். தப்பான பாகத்தை அதில்தான் போட வேண்டும். ரெட் பின் என்போம். நல்லது பச்சைப் பெட்டிக்குப் போகும். சிவப்புப் பெட்டி நிறைய ஆரம்பித்தால் சூப்பர்வைசர் நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். நிற்பது போதாதா?

இது தெரிந்தால்தான் அன்றைக்கு நடந்தது உங்களுக்குப் புரியும்.

தர்ஷினிக்கு அப்போது நான்கு வயது இருக்கும். ஊர்ப் பால்வாடியில் விட்டிருந்தோம். எனக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட் என்பதால் பகலில் வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கிய அம்சாவும் நானுமாகப் பிள்ளையைக் கூட்டி வரப் போனோம். அவள் கம்பெனி யூனிபாரத்தைக்கூட இன்னும் மாற்றவில்லை.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள் அப்படியே உறைந்துவிட்டாள்.

உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குவியல் புளியங்கொட்டை. பக்கத்தில் ஒரு பச்சைக் கிண்ணம், ஒரு சிவப்புக் கிண்ணம். எங்கள் மகள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாக எடுத்துப் பார்த்து, இதில் ஒன்று அதில் ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு ஊராக இருந்தால், 'அட, பிள்ளை சமத்தாக விளையாடுகிறதே' என்று தாய் சந்தோஷப்பட்டிருப்பாள். எங்கள் ஊரில் அப்படி முடியாது.

"இன்னா டீச்சர் இது?" அம்சா போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை அழவே ஆரம்பித்துவிட்டது. "ரெட் பின்னு, கிரீன் பின்னு! எங்கள மாதிரி எங்க புள்ளைங்களையும் இப்பவே லைன்ல குந்த வெச்சிட்டீங்களா? எந்தக் கம்பெனிக்காரன் வந்து சொல்லிட்டுப் போனான் ஒங்களாண்ட?"

டீச்சர் பேர் லோகேஸ்வரி. பக்கத்துத் தெருக்காரர். அவர் அழுத பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அம்சா, மொதல்ல ஷூவ கழட்டு. புள்ளைங்க குந்தற எடம்."

அம்சா ஷூவைக் கழற்றினாள். கோபம் மட்டும் கழலவில்லை.

"பின்னுன்னா இன்னா?" என்று டீச்சர் கேட்டார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அம்சா மூச்சிரைக்க விளக்கிச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த டீச்சரின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, நீங்க அப்டியா நெனச்சிக்கினீங்க? ரெண்டு கலர்ல கிண்ணம் கீதுன்னு எடுத்து வெச்சேம்மா. ரெண்டா பிரிங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். எத எதுல போடறதுன்னு நான் சொல்லவேல்ல. அவங்கவங்க இஷ்டம். ஒம் பொண்ணையே கேளேன்."

அம்சா மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இன்னாடி இது? செவப்புல இருக்கிறது இன்னா?"

"அது தூங்கற கொட்டைமா," என்றாள் தர்ஷினி. "இது முழிச்சிக்கினு கீற கொட்டை. பளபளன்னு கீதில்ல, கண்ணு தெறந்துக்கினு கீது."

மங்கலாக இருந்த கொட்டைகள் தூங்குகிறவையாம். பக்கத்துப் பையன் உடனே சண்டைக்கு வந்தான். "இல்ல, அது அம்மா கொட்டை, இது பாப்பா கொட்டை!" அவன் பெரிது, சிறிது என்று பிரித்திருந்தான்.

அம்சாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "சரி, அப்ப கெட்டது எது?" என்று கேட்டாள்.

தர்ஷினி இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தாள்.

"கெட்டது ஒண்ணும் இல்லமா."

அம்சா எழுந்திருக்கவே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிவப்பு என்றால் கெட்டது என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வேறு மாதிரியும் ஒருவர் பிரிக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

முட்டைக்குள் மஞ்சள்

ஆனாலும் அம்சா விடவில்லை. ஹைவே பக்கத்தில் ஒரு நர்சரி ஸ்கூல் இருந்தது. டை, ஷூ, வேன், டெஸ்க் எல்லாம் உண்டு. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்றாள். எழுத்துச் சொல்லித் தராமல் கொட்டை பொறுக்கினால் பிள்ளை உருப்படுமா என்பது அவள் பயம். பாதி எனக்கும் அதே பயம்தான்.

லோகேஸ்வரி டீச்சர் ஒன்றுதான் சொன்னார். "இட்டுக்கினு போறதுன்னா போங்க. போறதுக்கு மின்னாடி ஒரு வாரம் வந்து குந்திப் பாருங்க."

அம்சாவுக்கு லீவு கிடைக்காது. நைட் ஷிப்டு முடித்துவிட்டு நான் போய் உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் எரிந்தது. தெருவில் எல்லாருக்கும் நான் கேலிப் பொருள் ஆகிவிட்டேன். "இன்னா மச்சான், நீயும் பால்வாடில சேந்துட்டியாமே! முட்டை குட்த்தாங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே ஒரு வழக்கம். அன்றைக்கு யாருக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ கேட்கலாம். யாரும் சிரிக்கக் கூடாது. வார்த்தை சீக்கிரம் வராத ஒரு பையன் இருந்தான். அவனுக்கு வார்த்தை வருகிறவரை அத்தனை வாண்டுகளும் வாயைத் திறக்காமல் காத்திருந்தன. முட்டை ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். என்னால் நம்பவே முடியவில்லை.

அவன் முடித்த பிறகு எங்கள் மகள் கேட்டாள்: "முட்டைலதான் ஓட்டையே இல்லியே, மஞ்சா எப்டி உள்ள போச்சி?"

நான் படித்த பள்ளியில் இப்படிக் கேட்டிருந்தால் பிரம்படிதான் பதில். டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? யோசித்தார். பிறகு, "எனக்கும் சரியா சொல்லத் தெரியலயே. இன்னா பண்லாம்?" என்றார்.

ஒரு டீச்சர் வாயிலிருந்து 'தெரியலை' என்று வந்து நான் கேட்டதே இல்லை. எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

ஒடச்சிப் பாக்கலாம் என்றது ஒரு பிள்ளை. கோழியைக் கேக்கலாம் என்றது இன்னொன்று. சாப்பிட்டுவிட்டு நிஜமாகவே எல்லாரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில் மாதிரி கோழி இருக்கிற வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் டீச்சர், ஊசி போட வருகிற நர்சம்மாவிடம் கேட்டு வந்து விளக்கினார். மஞ்சள்தான் முதலில் உண்டாகுமாம், ஓடு கடைசியில்தான் மேலே வந்து மூடுமாம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து அம்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, சாதத்தில் கை வைத்தபடியே கேட்டாள்.

"டீச்சரே தெரியலன்னு சொன்னாங்களா?"

"ஆமா."

"புள்ளைங்க சிரிக்கலியா?"

"இல்லியே. கோழியத் தேடிக் கெளம்பிருச்சுக."

கை கழுவிவிட்டு வந்து, "சரி, இந்த வருசம் இருக்கட்டும்," என்றாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவரை தர்ஷினி அங்கேதான் இருந்தாள்.

அது எங்கே போயிற்று?

உள்ளதைச் சொல்கிறேன். தர்ஷினி முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளை இல்லை. கணக்கில் சுமார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி. அந்தப் பால்வாடியில் போட்டது எல்லாம் எங்கே போயிற்று என்று நடுவில் எனக்கே சந்தேகம் வந்தது.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் பள்ளி வாசலில் கணக்கு டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். மார்க்கைப் பற்றித் திட்டப்போகிறார் என்று நினைத்து வியர்த்துவிட்டேன். அவரோ, "ஒங்க பொண்ணு சின்ன வயசுல எங்க படிச்சா?" என்று கேட்டார். சொன்னேன். "நெனச்சேன். அங்கிருந்து வர்ற பசங்கள எனக்கு அடையாளம் தெரிஞ்சிடும் சார். புரியலன்னா புரியலன்னு எழுந்து நின்னு சொல்லுதுங்க. மத்ததுங்க தலைய ஆட்டிட்டு வூட்டுக்குப் போயிடும்," என்றார்.

இத்தனை வருஷம் கழித்து ஒரு பிள்ளையைப் பார்த்து, எந்தப் பால்வாடி என்று கண்டுபிடிக்க முடியுமா? வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். கணக்குத் தப்பாக வந்தால் அவள் அழுவதில்லை, மறுபடி போடுகிறாள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை ஒன்று வகுப்பில் சேர்ந்தபோது, அதற்குத் தமிழ் வார்த்தை வருகிறவரை இவள்தான் பக்கத்தில் காத்திருந்தாளாம். எழுத்தும் எண்ணும் எப்போது வேண்டுமானாலும் வந்து சேரும். இது அந்த வயதில் ஊறியது.

உங்கள் தம்பியோ தங்கையோ பால்வாடியிலிருந்து வந்து, "சும்மா வெளையாடினோம்" என்று சொன்னால் கிண்டல் செய்யாதீர்கள், பிள்ளைகளே. என்ன விளையாடினாய் என்று கூட உட்கார்ந்து கேளுங்கள்.

அம்சாவின் பயம் மட்டும் போகவில்லை. மகள் முறத்தில் பயறு பொறுக்க உட்கார்ந்தால்கூடப் பிடுங்கிக்கொள்வாள். "நீ போய்ப் படி, போ."

மேனேஜருக்கும் தெரியவில்லை

இப்போது பேமிலி டேக்குத் திரும்புவோம். தூக்கிய கை தூக்கியபடி இருந்தது.

"கேளு பாப்பா," என்றார் மேனேஜர்.

"சார், இந்த வேலைய ஏன் எல்லாரும் நின்னுக்கினே செய்றாங்க?"

லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நின்னு செஞ்சாதான்மா வேகமா வரும். அதான் ஸ்டாண்டர்ட்."

"உக்காந்து செஞ்சு பாத்தீங்களா சார்?"

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தன் டேப்லெட்டைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"பாத்தது இல்லன்னு நெனக்கிறேன்," என்றார் மேனேஜர் மெதுவாக.

"அப்ப பாக்கலாமே சார். எங்கம்மா வூட்டுக்கு வந்தா கால் வீங்கிக்கினு கீது. வெந்நில வெச்சிக்கினுதான் சோறே துன்னுது."

அவள் குரலில் சண்டையே இல்லை. முட்டையைப் பற்றிக் கேட்ட அதே குரல். யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு, இருமுவது போல மறைத்தாள்.

மனசுக்குள் ஒன்று சட்டென்று உறைத்தது. அந்த வயர்ப் பலகையை எல்லாரும் பார்த்தார்கள், அம்சாவின் கையைப் பார்த்துக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இவள் ஒருத்திதான் காலைப் பார்த்திருக்கிறாள்.

என் கேசரியைத் தர்ஷினியின் தட்டிலேயே போட்டுவிட்டேன். அதற்கப்புறம் அம்சா தினமும் டிபன் பாக்ஸைக் கட்டும்போது, "இன்னிக்குக் கூப்ட்ருவாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள்.

கூப்பிட்டார்கள். மத்தியானம் போன் வந்தது. "ஆபீசுக்கு வரச் சொல்றாங்க," என்றாள். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கலாமா, தர்ஷினியின் டியூஷனை நிறுத்தலாமா என்று கணக்குப் போடக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஸ்டூல் போட்டிருக்காங்க," என்றாள். "என் எடத்துல. ஒரு வாரம் குந்திச் செய், வேகம் கொறையுதான்னு பாக்கலாம்னாங்க."

"கொறஞ்சுதா?"

"எங்க கொறஞ்சுது! இன்னிக்கி கூட ஆயிருக்குது."

இதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்த லைனில் எல்லாருக்கும் ஸ்டூல் கிடையாது. சிலதுதான் இருக்கிறது. பெண்கள் மாற்றி மாற்றி உட்காருகிறார்கள். அம்சாவுக்குக் காண்ட்ராக்டைப் புதுப்பித்துவிட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் அம்சா. வீடெல்லாம் தேங்காயெண்ணெய் வாசனை. நான் கதவோரம் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, அன்னிக்கி அத்தினி பேர் மின்னாடி கேட்டியே, ஒனக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சுமா."

"அப்பறம் எப்டிக் கேட்ட?"

"பயந்துக்கினேதான் கேட்டேன்."

அம்சாவின் கை பாதிப் பின்னலில் நின்றது. அவளுக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பயம் போனால்தான் வாய் திறக்க முடியும் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான்.

"லைன்ல ஒண்ணு கீதுடி," என்றாள், பின்னலை மறுபடி எடுத்துக்கொண்டு. "பாத்ரூம் போணும்னா மாத்தாள் வரணும். சில நாள் வரவே மாட்டா. பொம்பளைங்க அடக்கிக்கினு நிக்கிறோம். அத எப்டிக் கேக்கறதுன்னுதான் புரியல."

தர்ஷினி பாதிப் பின்னலோடு அப்படியே திரும்பி, முதுகை நேராக்கி, சட்டமாக உட்கார்ந்தாள். "நான்தான் மேனேஜர். என்னாண்ட கேளு."

"போடி, வெக்கமா கீது."

"வெக்கப்பட்டுக்கினே கேளு."

அம்சா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். சீப்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார்," என்றாள் அம்சா.